மலையகத்தில் சமூக சுகாதாரத் தலைமைத்துவம்: மருத்துவர் அல்லாதவருக்கு வழி உண்டா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்தின் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில்) சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரியும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்புள்ளி) அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் சமூக சுகாதாரத்தில் பொறுப்பான இடத்துக்கு வரவும், காலப்போக்கில் கொள்கை வகுக்கும் மேசைக்குப் போகவும் விரும்புகிறார். இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய துறையா, எங்கிருந்து தொடங்குவது, வெளிநாட்டுப் படிப்பு தேவையா என்பவை அவருடைய ஐயங்கள்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ஒரு பகுதியின் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்கு மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாகாணப் பணிப்பாளர், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் ஆகிய பதவிகள் அனைத்தும் மருத்துவர்களுக்கே உரியவை. சமுதாய மருத்துவ நிபுணராவதற்குரிய பட்டப்பின் பயிற்சியும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் வழியாக மருத்துவர்களுக்கே கிடைக்கிறது. அந்த ஏணியில் நீங்கள் ஏற முடியாது. ஆனால், மலையகத்தின் சுகாதாரத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பகுதி அந்த ஏணியில் எடுக்கப்படுவதில்லை. குடிநீர்க் குழாய் யாருடைய செலவில் வரும், லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரையை யார் மாற்றுவது, கர்ப்பிணித் தாய் எத்தனை நாள் சம்பளத்துடன் வீட்டில் இருக்கலாம், பிள்ளைக்காம்பராவில் மதிய உணவு உண்டா என்பவை மருத்துவர் கையொப்பமிடும் கோப்புகள் அல்ல. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எமது பிரதேசத்தின் நிருவாக வரலாறே அப்படி அமைந்திருக்கிறது, இத்துறைக்கு வருபவர் அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், அதன் பின் 1912 இல் வந்த சட்டமும், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்போடு பிணைத்தன. 1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, மருத்துவச்சியும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகச் செல்லும் முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. பிற்காலத்தில் இலங்கையின் தாய் சேய் நலச் சாதனைகள் என்று உலகம் பாராட்டியவற்றுக்கெல்லாம் அந்த முறையே அடித்தளம். தோட்டங்களோ நீண்ட காலம் அந்த வலையமைப்புக்கு வெளியிலேயே நின்றன. அங்கே டிஸ்பென்சரியும், தோட்ட மருத்துவ உதவியாளரும், துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதியோடு வரும் லொறியும்தான் சுகாதார சேவையாக இருந்தன. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை தொடங்கினாலும் துண்டு துண்டாகவே நடந்தது. இதற்கிடையே 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது. மலையகமோ மத்திய, ஊவா, சப்ரகமுவ என்று மூன்று மாகாணங்களில் பிரிந்து கிடக்கிறது.

இதன் விளைவை உங்கள் பிள்ளைக்காம்பராவிலேயே காணலாம். கட்டடம் கம்பனிக்கு உரியது. உங்கள் பயிற்சியில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்குப் பங்குண்டு. பிள்ளைகளை நிறுப்பவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது பொதுச் சுகாதார மருத்துவச்சி. திரிபோஷ எனும் சத்துமா சுகாதார அமைச்சின் திட்டம். தண்ணீர் எவருடையது என்று கேட்டால் நால்வர் நான்கு பதில் சொல்வார்கள். இந்த நால்வரையும் ஒரே மேசையில் அமர வைத்து, ஒவ்வொருவரும் சட்டப்படி எதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்பதை எழுத்தில் காட்டக்கூடியவரே மலையகத்தில் சமூக சுகாதாரத் தலைவர் என்பது என் கருத்து. அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருக்க வேண்டியதில்லை.

அந்த இடத்துக்கு வர முதலில் தேவைப்படுவது எண்களை வாசிக்கும் பழக்கம். 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். இந்த வித்தியாசத்தை நாம் சுட்டிக்காட்ட முடிவதற்குக் காரணம், எமது புள்ளிவிபரங்கள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து எழுதப்படுவதே. அந்தப் பிரிப்பு இல்லாத இடத்தில் தோட்டம் காணாமல் போய்விடும். குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் நிரப்பும் எச் 524 படிவம் பணிமனைக்குப் போகிறது. அங்கே அது காலாண்டு அறிக்கையாகிய எச் 509 இல் சேர்கிறது. அந்த அறிக்கை குடும்ப சுகாதாரப் பணியகத்தை அடையும்போது பஸ் போகும் பாதையோரக் கடைவீதியும், தோட்டத்தின் ஓர் உட்பிரிவான மேல் டிவிஷனும், பக்கத்துச் சிங்களக் கிராமமும் ஒரே தொகைக்குள் கலந்திருக்கும். சராசரி நன்றாக இருக்கலாம், மேல் டிவிஷனில் ஒரு லயனின் பிள்ளைகள் அத்தனை பேரும் நிறை வரைபடத்தின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தோட்டத்தை விட்டுக் கிராமத்திலோ கொழும்பிலோ குடியேறிய மலையகக் குடும்பங்கள் தோட்டத்துறை என்ற தலைப்பின் கீழ் எண்ணப்படுவதில்லை. ஆகவே “தோட்டத்துறை” என்பதும் “மலையக மக்கள்” என்பதும் ஒன்றல்ல என்பதை எந்த அறிக்கையை எழுதும்போதும் நினைவில் வைத்திருங்கள். கொழும்பில் அமர்ந்து மலையகம் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இதுதான்.

எண்ணப்படாதவை எவை என்று கேட்பதும் அதே அளவுக்கு முக்கியமானது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் போன்றவை அறிவிக்க வேண்டிய நோய்கள். மருத்துவர் எச் 544 படிவத்தில் அறிவிப்பார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் சென்று விசாரிப்பார், வாராந்தத் தொகுப்பு எச் 399 இல் கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். ஆனால் கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டி ஒரே நாளில் பத்துப் பேர் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டால், அது அந்த வரிசையில் எந்தக் கட்டத்திலும் விழாது. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தியாக வரும், அடுத்த வாரம் வேறு தோட்டத்திலிருந்து இன்னொரு செய்தி வரும். மலையகத்தில் குளவிக் கொட்டினால் உயிர்கள் போகின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எந்த மரத்தின் கீழ், வைத்தியசாலையை அடைய எவ்வளவு நேரமாயிற்று என்ற கேள்விகளுக்கோ ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. வேலையின்போது நேர்ந்த காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கோர 1934 ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. குளவிக் கொட்டை அதன் கீழ்க் கொண்டுவர ஆவணம் வேண்டும், ஆவணத்துக்குப் பதிவேடு வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் ஐந்து தோட்டங்களின் டிஸ்பென்சரிப் பதிவுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு அட்டவணை தயாரித்தால், அதுவே கொள்கை வேலையின் தொடக்கம். அதற்குப் பட்டம் தேவையில்லை. அனுமதியும் நோயாளரின் இரகசியத்தைக் காக்கும் ஒழுங்கும் கட்டாயம் தேவை.

சட்டத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுகாதாரத் துறைக்கு வரும் நம் பிள்ளைகள் உடற்கூற்றியலைப் படிக்கும் அளவுக்குச் சட்ட வாசகங்களைப் படிப்பதில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு காரணமாக, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. வாக்களிப்பதற்கு நமக்கு உரிமை இருந்தது, சபையில் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனால் லயனுக்குப் போகும் பாதையையோ வடிகானையோ திருத்தக் கேட்டால், அது தோட்ட நிலம் என்ற பதிலே வந்தது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 1939 இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் திருத்தப்பட்டு, மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பின் பிறப்பவர்களுக்கும் 42 நாட்களாக இருந்த விடுமுறை 84 நாட்களாக்கப்பட்டது. வயிற்றோட்டத்துக்கும் குழந்தைப் போஷாக்குக்கும் இவை இரண்டும் செய்யக்கூடியதை எந்த மருந்துப் பெட்டியும் செய்யாது. ஆனால் சட்டம் மாறியது பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்தில்) நிற்கும் தாய்க்குத் தெரிந்திருக்கிறதா, பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் தோட்ட வட்டாரங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் யாராவது பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் தொடர்ந்து கவனிக்கும் ஒருவர் ஒவ்வொரு பிரதேச சபை எல்லைக்குள்ளும் இருந்தால், அரை டசின் கருத்தரங்குகளைவிட அது பயனுள்ளது.

கண்ணுக்குத் தெரிவதற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள போட்டி பொதுச் சுகாதாரத்தில் எப்போதும் உண்டு. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் 150 படுக்கைகள் கொண்ட கட்டடத்தை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தபோது மலையகமே திரண்டது. அந்த வைத்தியசாலை நமக்குத் தேவையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு டிவிஷனின் தண்ணீர்த் தாங்கிக்கு மூடி போட்டதற்கு யாரும் நாடா வெட்டமாட்டார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்க விரும்பும் வேலையில் வெற்றி என்பது பெரும்பாலும் நடக்காமல் போன ஒரு சம்பவமாகவே இருக்கும், அதைப் பாராட்ட யாரும் வரமாட்டார்கள். இது பிடிக்காதவர்கள் சில ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இனி நடைமுறை வழிகள். உங்கள் தகுதியில் முதலாவதாக நான் சொல்வது குடும்பநல உத்தியோகத்தர் பதவி. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்படும்போது பாடத் தேவையும் வயதெல்லையும் அறிவிக்கப்படும், பயிற்சி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. மலைச்சரிவில் அந்த மூவாயிரம் எத்தனை கட்டை தூரத்தில் பரந்திருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பலர் இதைச் சிறிய வேலையாக நினைக்கிறார்கள். என் கணிப்பு நேர்மாறானது. தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடான எச் 526 ஒருவர் கையில் இருந்தால், எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி தவறியது, எந்தத் தாய் இரத்தச்சோகையோடு நாளைக்கும் மலைக்கு ஏறப் போகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கொழும்பின் ஆய்வாளர் எவருக்கும் அந்த அறிவு கிடைக்காது. அங்கிருந்து மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தர் வரை உயர முடியும். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களின் தேவை தோட்டப் பகுதிகளில் இன்றும் தீரவில்லை. குடும்பத்திட்டமிடல் ஆலோசனையும் சம்மதப் படிவமும் தாய்க்கு விளங்காத மொழியில் நடக்கும் வரை, அந்தச் சம்மதத்தை முழுமையான சம்மதம் என்று சொல்ல முடியாது.

தாதியர் வழி சற்று நீளமானது, உறுதியானது. தாதியர் கல்லூரியின் மூன்றாண்டுப் பயிற்சியோ பல்கலைக்கழகத் தாதியர் பட்டமோ முடித்து, சேவையில் சில ஆண்டுகள் இருந்து, களுத்துறை தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தில் பொதுச் சுகாதாரப் பயிற்சி பெற்றால், பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாகச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அடுத்த நிலையில் தாய் சேய் சேவையை மேற்பார்வை செய்யலாம்.

உங்கள் இசட் புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போக முடியுமானால், ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சுகாதார மேம்பாட்டுப் பட்டத்தை மறக்காமல் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிகிந்தலையில் நடைபெறும் அந்தப் பட்டநெறி, ஒரு சமூகம் தன் சுகாதாரத்தைத் தானே அளந்து தானே மாற்றிக்கொள்ள உதவுவதையே பாடமாகக் கொண்டது. நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வருகின்றன என்பதால், கொழும்பு மாணவிக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை நீங்களே வரி வரியாக வாசியுங்கள். ரியூஷன் சேர் சொன்னார் என்று விட்டுவிட வேண்டாம்.

பலர் யோசிக்காத இன்னொரு கதவும் உண்டு. சமூகவியல், பொருளியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றில் பட்டம் பெற்று இலங்கை நிருவாக சேவைக்கோ திட்டமிடல் சேவைக்கோ போகலாம். ஒரு பிரதேச செயலாளர் நினைத்தால் சுகாதாரக் குழுக் கூட்டத்தில் தோட்ட முகாமையாளரை வரவழைக்க முடியும், சுகாதார வைத்திய அதிகாரியால் பல நேரங்களில் கடிதம்தான் எழுத முடியும். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாண சபைகளின் பதவிக்காலம் 2017 க்கும் 2019 க்கும் இடையில் முடிந்து, புதிய தேர்தல் இல்லாமல் ஆளுநர்களின் கீழ் நிருவாகம் நடந்த ஆண்டுகளில், மாகாண மட்ட முடிவுகளில் உத்தியோகத்தர்களின் பங்கு இன்னும் கூடியது.

அரசு சாரா நிறுவனங்களைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் அங்கே கவர்ச்சியாக இருக்கும், பயிற்சிப் பட்டறைகள் நடக்கும், அறிக்கை எழுதும் ஆங்கிலமும் கைவரும். ஆனால் திட்டம் மூன்று ஆண்டில் முடியும், நிதியாளரின் ஆர்வம் மாறும், சேகரித்த தகவலும் அவர்களோடு போய்விடும். முதல் நான்கைந்து ஆண்டுகளை அரச கட்டமைப்புக்குள்ளோ தோட்டக் கட்டமைப்புக்குள்ளோ கழித்துவிட்டு, அதன் பின் நிறுவனத்துக்குப் போகிறவர் அங்கே மதிக்கப்படுகிறார். நேரே போகிறவர் களக் கணக்கெடுப்பாளராகவே தங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொழிற்சங்கங்களுடன் பேசிப் பழகுங்கள், அவை இல்லாமல் தோட்டத்தில் எதுவும் நகராது. ஆனால் எந்தச் சங்கத்தின் ஆள் என்று உங்களுக்கு ஒரு முத்திரை விழுந்துவிட்டால், மற்றச் சங்கத்தின் குடும்பங்கள் உங்கள் நிறைத்தராசுக்குப் பிள்ளையைக் கொண்டுவரத் தயங்கும்.

சிங்களம் கட்டாயம். தமிழும் அரசகரும மொழிதான், அந்த உரிமையை எங்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனாலும் மாவட்ட மட்ட மீளாய்வுக் கூட்டங்களின் விவாதம் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கிறது. உங்கள் டிவிஷனின் கணக்கை அந்த மேசையில் மூன்று நிமிடத்தில் சிங்களத்தில் சொல்லி, கேட்கப்படும் குறுக்குக் கேள்விக்கும் பதில் சொல்ல முடிந்தால், எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைவிடப் பல மடங்கு பலன் உண்டு. ஆங்கிலம் அதற்கு அடுத்தபடியாக, வாசிப்புக்கும் மேற்படிப்புக்கும் வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். பொதுச் சுகாதார முதுமாணி வகுப்பில் கற்பிக்கப்படும் தொற்றுநோயியலும் சுகாதாரப் பொருளியலும், கையில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருப்பவருக்கே முழுதாகப் பயன்படும். மருத்துவர் அல்லாதவரையும் சேர்த்துக்கொள்ளும் முதுமாணி நெறிகள் அயலிலேயே உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்திலும் அன்றைய சேர்க்கை விதிகளை விசாரியுங்கள். இந்தியத் தூதரகத்தின் புலமைப்பரிசில்களும், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே நீண்ட காலமாக இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் உதவியும் பற்றிய விபரங்களைக் கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் பெறலாம். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். இன்றைய உங்கள் வேலையின் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வர்த்தமானி வரும் வரை காத்திருக்கும் மாதங்களில், உங்கள் பிள்ளைக்காம்பராவின் கடந்த மூன்று ஆண்டு நிறைப் பதிவுகளை டிவிஷன் வாரியாகவும் மாத வாரியாகவும் ஒரு கொப்பியில் பெயர்களின்றி எழுதி, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷ தடைப்பட்ட மாதங்களில் நிறைக்கோடு எப்படிப் போனது என்று அவருடன் சேர்ந்து பாருங்கள்.